நான்கு நிமிடத் தட்டுகள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் ரோட்டில், மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது கைப்பக்கம் ஒரு மூங்கில் வாசல் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பலகை வைத்தால் பசிக்கிறவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள் என்று அந்த இடத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு பயம். இடத்தின் பெயர் செம்பாக்கா. தாய்லாந்து, மலேசியா, வியட்நாம், இந்தோனேசியா என்று கடலுக்கு அந்தப் பக்கத்து நாடுகளின் சாப்பாட்டை, குழந்தைகள் சொப்பு விளையாடுகிற அளவுத் தட்டுகளில் வைத்து, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். காட்டுவார்கள் என்ற சொல்லை இங்கே யோசித்துத்தான் போட்டிருக்கிறது.

நாமக்கல் பெரியசாமி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வாசலை மூன்று தடவை தாண்டிப் போய், மூன்று தடவையும் காரைத் திருப்பிக்கொண்டு வந்தார். அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறவர். அவர் பட்டறையில் கட்டின வண்டிகள் அஸ்ஸாம் வரைக்கும் வழி தவறாமல் போய் வருகின்றன. அவருக்கு இந்த வாசல் அகப்படவில்லை.

"ஏனுங்க, நல்லா ஒரு பிரியாணிக் கடைக்குப் போயிருந்தா இந்நேரம் எலை போட்டிருப்பாங்க" என்றார் மகளோடு பின்சீட்டிலிருந்த மனைவி வசந்தாமணி.

"பேசாம வா. மாப்பிள்ளை பினாங்குல இருந்த புள்ளை. நாக்கு அதுக்குப் பழகியிருக்கும்."

அந்தப் பிள்ளையின் பெயர் தனுஷ். மேச்சேரி முத்தாயம்மாளின் ஒரே மகன். மலேசியாவில் பினாங்குத் தீவில் ஒரு கம்பெனியில் நான்கு வருசம் வேலை பார்த்துவிட்டு இப்போது ஓசூருக்கு வந்திருந்தான். பெரியசாமியின் மகள் இலக்கியாவுக்குப் பார்த்த மூன்றாவது இடம் அவன். முதல் இடம் ஜாதகத்தில் நின்றது. இரண்டாவது இடம் எதில் நின்றது என்று கடைசிவரை அவர்கள் சொல்லவே இல்லை. அதற்கப்புறம் இலக்கியா சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள். தனுஷோடு இரண்டு மாதம் போனில் பேசிய பிறகுதான் வீட்டில் மறுபடியும் அவள் பாட்டுச் சத்தம் கேட்டது. "இந்த இடம் தட்டிப் போச்சுன்னா எனக்கு இனிமேல் பார்க்க வேண்டாம்ப்பா" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். பெரியசாமிக்கு அன்றிலிருந்து தூக்கம் இல்லை.

இனி முத்தாயம்மாளின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும். அவ்வளவுதான் பாக்கி. புருசன் போன பிறகு ஆடு வளர்த்து மகனைப் படிக்க வைத்த அம்மா அவர். ஜாதகம், நகை, சீர் எதைப் பற்றியும் கேட்கவில்லை. "ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்புட்டுட்டுச் சொல்றனுங்க" என்று மட்டும் சொல்லியிருந்தார்.

ஆனால் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது? சம்பந்தம் உறுதியாகும் முன்னால் பெண் வீட்டில் கை நனைப்பது வழக்கமில்லை. அதனால் இரண்டு ஊருக்கும் பொதுவாகச் சேலம் என்று முடிவானது. கடையைத் தேர்ந்தெடுத்தது பெரியசாமி. யாரையும் கேட்காமல், நல்லெண்ணத்தால், தானே தேர்ந்தெடுத்தார்.

வாசலில் முத்தாயம்மாளும் தனுஷும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். கும்பிட்டுக்கொண்டார்கள். நலம் கேட்டுக்கொண்டார்கள். "மாத்திரை போட்டுட்டனுங்க. சக்கரை மாத்திரை. அரை மணி நேரத்துல சாப்புடோணும்" என்றார் முத்தாயம்மாள்.

"உள்ளே போனதும் சாப்பாடுதாங்க" என்றார் பெரியசாமி. வாழ்க்கையில் அவர் தெரியாமல் சொன்ன பொய்களில் அதுதான் பெரியது.

மூங்கில் கதவைத் திறந்தவன் கழுத்துப்பட்டி இல்லாத கறுப்புச் சட்டை போட்ட இளைஞன். மார்பில் 'ரயான், பயண வழிகாட்டி' என்று ஒரு மரத்துண்டு தொங்கியது.

"வெல்கம். செல்போன், வாட்ச், ஹேண்ட்பேக் மூணும் உள்ளே வராது. காலத்தையும் கவலையையும் வாசல்லயே விட்டுட்டு வரணும். அதுதான் எங்க கான்செப்ட்."

ஐந்து பேருடைய பொருள்களும் ஒரு மர அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. முத்தாயம்மாள் தன் மஞ்சப்பையைக் கொடுக்கத் தயங்கினார். "அதுல முட்டாய் வெச்சிருக்கனுங்க. மயக்கம் வந்தா..."

"டோன்ட் வொரி மேடம். ஜர்னி முடிஞ்சதும் லாக்கர் தானாத் திறக்கும்."

"சாப்பாடு எப்பங்க வரும்?" என்று கேட்டார் பெரியசாமி.

"சாப்பாடு வராது சார். நாமதான் சாப்பாட்டை நோக்கிப் போகணும்."

எல்லாரும் ஒரு தாழ்ந்த மேசையைச் சுற்றி மெத்தைகளில் உட்கார்ந்தார்கள். முதலில் தண்ணீர் வந்தது. கட்டை விரல் அளவுக் குவளையில், ஒரு புல்துண்டு மிதக்கிற வெதுவெதுப்பான தண்ணீர். பெரியசாமி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னுங் கொஞ்சம் தண்ணி குடுங்க தம்பி" என்றார்.

"சார், அது குடிக்கிறதுக்கு இல்ல. நாக்குக்கு ஓர் அறிமுகம்."

நாக்கை அறிமுகப்படுத்திய பிறகு ரயான் மேசையின் தலைமாட்டில் நின்று கைகளைக் கட்டிக்கொண்டான். மனப்பாடம் செய்த பிள்ளை மேடையில் நிற்கிற மாதிரி கண்ணைக் கொஞ்சம் மேலே வைத்துக்கொண்டு பேசினான்.

"இங்க மெனு கிடையாது. பத்துத் தட்டு வரும். எல்லாமே எங்க செஃப் இன்னைக்குக் காலையில தன் கையால செஞ்சது. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கதை இருக்கு. கதை முடியறதுக்கு முன்னால யாரும் தட்டைத் தொடக்கூடாது. கதை முடிஞ்சதும் தட்டு நாலு நிமிசம்தான் உயிரோட இருக்கும். மணி அடிச்சா எடுத்துருவோம். செத்த தட்டை நாங்க கெஸ்ட் முன்னால வைக்கிறதில்ல. அப்புறம், எங்க சாப்பாட்டோட உயிரே ஷேரிங்தான். நம்ம சமூகத்துல பகிர்ந்து சாப்பிடுற பழக்கமே போயிருச்சு. தனித்தனி இலை, தனித்தனி தட்டு. அந்தச் சுவரை உடைக்கத்தான் செம்பாக்கா வந்திருக்கு."

அவன் பேச்சு எவ்வளவு நேரம் ஓடியது என்று சொல்ல முடியாது. வாட்ச் வாசலில் இருந்தது.

முதல் தட்டு வந்தது. வட்டமான கறுப்புக் கல். அதன்மேல் ஒரு வெற்றிலை. வெற்றிலைக்குள் கொஞ்சம் தேங்காய்ச் சில், நாலு கடலை, எலுமிச்சைத் துணுக்கு.



ரயான் தாய்லாந்தின் அரச குடும்பத்தில் ஆரம்பித்து கதை சொன்னான். யார் காதிலும் அது ஏறவில்லை. இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க, நடுவில் தட்டில் வெற்றிலை. இதை எடுத்து மாற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் நிச்சயதார்த்தம். வார்த்தை கொடுக்காத இடத்தில் வெற்றிலையை நீட்டி மடக்கப் பார்க்கிறார்களோ என்று நினைப்பது போல் முத்தாயம்மாள் பெரியசாமியை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பெரியசாமிக்கு உள்ளங்கால் வரைக்கும் வியர்த்தது. இதை நான் சொல்லி வைக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் சொல்லி வைத்த மாதிரியே இருக்குமே. வசந்தாமணி கைகள் இரண்டையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். இலக்கியா மெத்தையின் பூவேலையை எண்ணினாள்.

டிங்.

ரயான் வெண்கலக் கிண்ணத்தைத் தட்டினான். வெற்றிலை போனது. "அற்புதம்" என்றான் அவன். "தொடாத தட்டுதான் செஃபுக்குப் பெரிய மரியாதை. நீங்க கண்ணால சாப்பிட்டுட்டீங்க."

இரண்டாவது தட்டில் கண்ணாடி மூடி போட்டு அடியில் புகை அடைத்திருந்தார்கள். மூடியைத் திறந்ததும் மேச்சேரி பஸ் ஒன்று கிளம்பிப் போன மாதிரி இருந்தது. புகை விலகியதும் ஈர்க்குச்சியில் குத்திய கோழிக்கறி தெரிந்தது. ஐந்து பேருக்கு இரண்டு குச்சி.

தனுஷுக்கு முகம் மலர்ந்தது. "சாத்தே! பினாங்குல வேலை முடிஞ்சு வரும்போது ரோட்டோரத்துல நின்னுக்கிட்டே பத்துக் குச்சி சாப்பிடுவோம்."

ரயான் பரிதாபமாகச் சிரித்தான். "அது டூரிஸ்ட் வெர்ஷன் சார். இதுதான் ஆத்தென்டிக்."

"நான் அங்க நாலு வருசம் இருந்தனுங்க."

"இருந்தா மட்டும் ருசி தெரிஞ்சிராது சார்."

கதை முடிந்தது. நான்கு நிமிடம் ஓடத் தொடங்கியது.

"எடுத்துக்கோங்க தம்பி" என்றார் பெரியசாமி.

"நீங்க முதல்ல எடுங்க."

"அக்கா, நீங்க எடுங்கக்கா" என்றார் வசந்தாமணி.

"அட, புள்ளைக்குக் குடுங்க. எனக்கென்னங்க அவசரம்" என்றார் முத்தாயம்மாள்.

"எனக்கு அப்புறம் போதுங்க" என்றாள் இலக்கியா.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பெண் வீட்டார் முதலில் கை வைத்தால், பெண்ணைக் கொடுக்க வந்த இடத்தில் நாக்கை நீட்டுகிறார்கள் என்று ஆகும். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கை வைத்தால், சோத்துக்கு அலைகிற குடும்பம் என்று ஆகும். ஆளுக்கோர் இலை போட்டு, கேட்காமலே பரிமாறி, போதும் போதும் என்று கையால் மறித்த பிறகும் ஒரு கரண்டி வைத்தால் இந்தச் சங்கடமே வராது. இங்கே ஐந்து பேருக்கு இரண்டு குச்சி. நான்கு நிமிடமும் இரண்டு வீட்டு மரியாதையும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருந்தன.

டிங்.

மூன்றாவது தட்டு பப்பாளிக்காயைச் சீவி இடித்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பெண் முன்னால் பப்பாளிக்காயை வைக்கலாமா என்று வசந்தாமணி தட்டைத் தன் பக்கம் இழுத்து மறைத்துக்கொண்டார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதை முத்தாயம்மாள் வேறு விதமாக நினைத்துவிடுவாரோ என்று பெரியசாமி அதை மறுபடி நடுவில் தள்ளினார். அது இப்படியே நான்கு நிமிடம் போய்வந்து செத்தது.

நான்காவது தட்டில் நுரை. வெள்ளையாக, குமிழ் குமிழாக, கொஞ்சம் நடுங்கிக்கொண்டு இருந்தது. உப்பில் ஊறிய மீனின் வாடை வேறு. "பல்லு வெளக்கிட்டு யாரோ துப்புன மாதிரி இருக்குதுங்க" என்று வசந்தாமணி புருசன் காதில் சொன்னார். பெரியசாமி மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் மேசையைப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்குது" என்றார். எதிரே முத்தாயம்மாளும் மூக்கைச் சுருக்காமலிருக்கப் படாதபாடு பட்டுக்கொண்டு, "ஆமாங்க, புதுசா இருக்குது" என்றார். இவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் நினைத்தார். அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று இவர் நினைத்தார். அதனால் எழுந்து போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

ஐந்தாவது தட்டில் பாதி முட்டை.

பெரியசாமிக்கு முட்டையைப் பார்த்ததும் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. நாமக்கல் முட்டை. அவர் கட்டின வண்டியிலேயே ஏறி வந்ததாகக்கூட இருக்கலாம். பொரித்து, புளிப்பாகு ஊற்றி, ஒரு அடி நீளத் தட்டின் ஓர் ஓரத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

"இதுக்குப் பேரு மருமகன் முட்டை" என்றான் ரயான்.

எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

"தாய்லாந்துல பொண்ணை மாப்பிள்ளை சரியா வச்சுக்கலைன்னா, மாமியார் அவனைக் கூப்பிட்டு இந்த முட்டையைப் பொரிச்சு வைப்பாங்களாம். அடுத்த தடவை பொரிக்கப் போறது கோழி முட்டையா இருக்காதுன்னு அதுக்கு அர்த்தம்."

தனுஷ் இருமினான். வசந்தாமணி, "நான் அப்படியெல்லாம் இல்லீங்கக்கா" என்று கேட்காமலே சொன்னார். முத்தாயம்மாள், "எம்பையனும் அப்படியெல்லாம் இல்லீங்க" என்றார். அதற்கப்புறம் அந்த முட்டையை யார் எடுப்பது? மாப்பிள்ளை எடுத்தால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. மாமியார் எடுத்துக் கொடுத்தால் மிரட்டின மாதிரி.

டிங்.

ஆறாவது, ஏழாவது, எட்டாவது தட்டுகள் வந்தன, கதை கேட்டன, போயின. இடையில் பெரியசாமி மெல்லக் கேட்டார். "தம்பி, கடைசியாச் சோறு வருமுங்களா?"

"ரைஸை நாங்க எடுத்துட்டோம் சார். ரைஸ் கவனத்தைச் சிதறடிக்குது."

"அங்க ஜனங்க மூணு வேளையும் சோறுதாங்க சாப்பிடுவாங்க" என்றான் தனுஷ்.

"அது அவங்களோட லிமிடேஷன் சார். வயிறு நிறைஞ்சவுடனே மனுசன் யோசிக்கிறதை நிறுத்திடுறான். எங்க கெஸ்ட் யாரும் இதுவரைக்கும் வயிறு நிறைஞ்சு வெளிய போனதில்ல. அதுல எங்களுக்குப் பெருமை."

ஒன்பதாவது தட்டு வந்தபோது ரயானின் நடை மாறியது. இரண்டு கையாலும் ஏந்தி, தலை குனிந்து, தீபாராதனைத் தட்டைக் கொண்டுவருகிற மாதிரி கொண்டுவந்தான். விளக்குகளை மங்க வைத்தார்கள். தட்டை நடுவில் வைத்தான்.

தட்டில் ஒன்றும் இல்லை.

பெரியசாமி குனிந்து பார்த்தார். ஒரு வேளை அவ்வளவு சின்னதாக இருக்கிறதோ என்று மேசைமேல் கையூன்றி மறுபடி பார்த்தார். ஒன்றும் இல்லை. களிமண் தட்டு. நடுவில் வெடிப்பு விட்டிருந்தது.

"இதுதான் எங்க சிக்னேச்சர்" என்றான் ரயான், தாழ்ந்த குரலில். "இதோட பேரு வறட்சி. மீகாங் ஆத்துல தண்ணி வத்தினப்ப அங்க விவசாயிங்க தட்டு இப்படித்தான் இருந்துச்சு. அந்தப் பசியை நீங்க நாலு நிமிசம் அனுபவிக்கணும். நிறைய கெஸ்ட் இந்தத் தட்டுல அழுதுருக்காங்க. ஒருத்தங்க பிறந்தநாளுக்கு இதை மட்டும் ரெண்டு தடவை கேட்டு வாங்கினாங்க."

முத்தாயம்மாள் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மழை பொய்த்த வருசங்களில் ஆட்டுக்குக் காட்ட ஒரு புல் இல்லாமல் வேப்பங்குழை ஒடித்த கை அது. அந்தக் கை இப்போது மேசையின் விளிம்பில் நடுங்கியது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. "தனுசு, கண்ணு மங்குது சாமி" என்றார். பக்கவாட்டில் சாய்ந்தார். இலக்கியா பாய்ந்து வந்து தோளைத் தாங்கிக்கொண்டாள்.

"பாருங்க" என்றான் ரயான் மெய்சிலிர்த்து. "தட்டு பேசுது."

"சக்கரை இறங்கிப் போச்சுடா!" என்று கத்தினான் தனுஷ். "அந்தப் பையைக் குடு, முட்டாய் இருக்குது."

"லாக்கர் பத்தாவது தட்டுக்கு அப்புறம்தான் சார் திறக்கும். சிஸ்டம்ல செட் பண்ணியிருக்கு."

"ஒரு கரண்டி சக்கரை குடு!"

"வெள்ளைச் சர்க்கரை எங்க ஃபிலாசஃபிக்கு எதிரானது சார். பத்தாவது தட்டுல பனஞ்சர்க்கரை வருது. ஆனா இந்தத் தட்டுக்கு இன்னும் மூணு நிமிசம் இருக்கு. வரிசையை உடைச்சா முன்னாடி சாப்பிட்டதுக்கெல்லாம் அர்த்தமில்லாமப் போயிரும்."

பெரியசாமி யாரையும் அதட்டிப் பேசிப் பழகாதவர். பட்டறையில் வெல்டரைக்கூட ஐயா என்று கூப்பிடுகிறவர். அவர் எழுந்து, தட்டுகள் வருகிற திரையை விலக்கிக்கொண்டு, நேராக உள்ளே போனார்.

உள்ளே செஃப் யாரும் இல்லை. ஆள் உயர ஐஸ் பெட்டி ஒன்று திறந்திருந்தது. பெங்களூர் விலாசம் போட்ட பாக்கெட்டுகளை ஒருவர் கத்தரிக்கோலால் கிழித்து அடுப்புப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு நீல நிறக் குப்பைத் தொட்டி. அதில் வெற்றிலை கிடந்தது. இரண்டு குச்சிக் கறி, பாதி முட்டை, அதன்மேல் நுரை வழிந்து எல்லாவற்றையும் ஒன்றாக நனைத்திருந்தது. மற்ற மேசைகளிலிருந்து வந்ததும் சேர்ந்து தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்திருந்தது. பெரியசாமியோ, ஒரு பருக்கை சிந்தினால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த வீட்டில் வளர்ந்தவர். ஒரு கணம் எதற்கு வந்தோம் என்பதே மறந்து தொட்டியைப் பார்த்தபடி நின்றார்.

"என்ன வேணுங்ணா?"

பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும், ஈரக் கையோடு நின்றார். மார்பில் 'ஆத்யா' என்று மரத்துண்டு.

"ஒரு அம்மாவுக்குச் சக்கரை இறங்கிப் போச்சுங்க. ஒரு கரண்டி சக்கரை..."

அவர் கதை எதுவும் கேட்கவில்லை. ஜன்னலில் வேலையாட்கள் டீ போட வைத்திருந்த டப்பாவைத் திறந்து, ஒரு டம்ளரில் பாதிக்குச் சக்கரையைக் கொட்டி, தண்ணீர் விட்டு விரலால் கலக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். மேசைக்குப் போய், முத்தாயம்மாளின் தலையைத் தன் மடியில் சாய்த்து, மெல்ல மெல்லப் புகட்டினார். "ஒண்ணுமில்லீங்கம்மா. எங்க ஊட்டுக்காரருக்கும் இப்படித்தான் வரும். குடிங்க. இன்னும் ஒரு மடக்கு." ஓரத்தில் ரயான், கெஸ்ட் ஏரியாவுக்குள் பாத்திரம் கழுவுகிறவர்கள் வரக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

கொஞ்ச நேரத்தில் முத்தாயம்மாளுக்குக் கண் தெளிந்தது. "இத்தோட உடக்கூடாதுங்க. வயித்துக்கு ஏதாச்சும் போகோணும்" என்று அவர் கையைப் பிடித்து எழுப்பி, சமையல்கட்டு வழியாகப் பின்வாசலுக்குக் கூட்டிப்போனார் அந்தப் பெண்மணி. மற்ற நாலு பேரும் பின்னாலேயே போனார்கள். அங்கே தகரக் கொட்டகையில் பால் கிரேட்டுகளைக் கவிழ்த்துப் போட்டு வைத்திருந்தார்கள். அவர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். சோறு, தட்டப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு, ஒரு சின்ன பாட்டிலில் மோர்.

"உங்க சாப்பாடுங்களே இது" என்றார் வசந்தாமணி.

"இங்க வேலை பாக்கற நாங்க ஆறு பேருங்க. ஆறு டப்பா. ஆளுக்கொரு கை போட்டா எனக்கு நெறைஞ்சிரும். நீங்க பரிமாறுங்கண்ணா" என்று கரண்டியைப் பெரியசாமி கையில் கொடுத்தார். "எம்பேரு ஆத்தாயிங்க. அதை இவங்கதான் ஆத்யான்னு எழுதித் தொங்க உட்டுட்டாங்க."

"அந்தத் தொட்டியில இருக்கிறதையெல்லாம் நீங்களாச்சும் சாப்பிடலாமில்லைங்க?" என்று கேட்டாள் இலக்கியா.

"தொட்டா வேலை போயிருங் கண்ணு. நாயிக்குப் போட்டாக்கூட கேமராவுல பாத்துருவாங்க."

முத்தாயம்மாள் ஒரு வாய் வைத்தார். இரண்டாவது வாய். மூன்றாவது வாயில்தான் முகத்துக்கு ரத்தம் வந்தது. அப்போது பின்வாசலில் ரயான் வந்து நின்றான். கையில் பத்தாவது தட்டு. அதில் பாக்கு அளவு ஒரு கறுப்பு உருண்டை.

"மேடம், ஜர்னியைப் பாதியில விடக்கூடாது. இது கடைசித் தட்டு. பனஞ்சர்க்கரையும் தேங்காய்ப்பாலும். இதோட பேரு கருணை." கண்ணை மேலே வைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தான்.

முத்தாயம்மாள் அவனை ஏறிட்டுப் பார்த்தார். "நீ சாப்புட்டியா சாமி?"

இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பாடம் சொல்லித் தரவில்லை. பிறகு, அன்றைக்கு முதல் தடவையாக, வேறு ஒரு குரலில், "இல்லீங்கம்மா. எங்களுக்கு நாலரைக்குத்தானுங்க" என்றான்.

"காலையிலயும் ஒண்ணும் திங்கல" என்றார் ஆத்தாயி. "எங்க பனமரத்துப்பட்டிப் பையன்தானுங்க. சடையன்னு பேரு."

"உக்காரு. ஒரு வாய் சாப்புடு" என்றார் முத்தாயம்மாள்.

சடையன் சுவர்மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தான். உட்காரவில்லை. கையிலிருந்த கருணையைப் பார்த்தான். நான்கு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். திரும்பிப் போய், விதிப்படி, அதை நீலத் தொட்டியில் தட்டினான். பிறகு திரும்பி வந்து கேமராவுக்கு நேராக, அகலமான முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் ஒரு பக்கமாக நின்றான். "ஆத்தாயக்கா, டப்பாவை இந்தப் பக்கம் நகத்திக்கோங்க. என் முதுகு மறைச்சுக்கும், கேமராவுல தெரியாது" என்றான்.

முத்தாயம்மாளின் கண் அவனைத் தாண்டித் தொட்டியில் போய் நின்றது. சோறு பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. கூட்டிவந்தது பெரியசாமி. இந்த அம்மா சாகப் பிழைக்கக் கிடந்தது அவர் கூட்டிவந்த இடத்தில். மகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிவில்லை.

"நாந்தானுங்க தப்புப் பண்ணிட்டேன்" என்றார். "பெரிய இடம்னு நெனச்சு..."

"எட்டுத் தட்டுங்க" என்றார் முத்தாயம்மாள், தொட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலித் தட்டை விட்டாலும் எட்டு. இவங்க கொட்டுனாங்கன்னு வையறதுக்கு வாய் வருது. ஆனா நீங்க எடுங்க, நீங்க எடுங்கன்னு நாம அஞ்சு பேரும் சேந்துதானே கொட்டியிருக்கறோம். பசியோட உக்காந்துக்கிட்டு, பசிக்குதுன்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வல்லையே. எனக்கும்தான் வல்லை."

தகரக் கொட்டகைக்கு மேலே மலைக்காற்று போய்க்கொண்டிருந்தது. மற்ற வேலையாட்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் டப்பாக்களைத் திறந்து ஓசையில்லாமல் நடுவில் வைத்தார்கள். தனுஷ் ஒரு கிரேட்டை இழுத்து இலக்கியாவுக்குப் போட்டான்.

முத்தாயம்மாள் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுத்து, டப்பா மூடியைப் பெரியசாமிக்கு முன்னால் நீட்டினார்.

"எனக்கு இன்னும் பசிக்குதுங்க சம்பந்தி. சோறு வைங்க."

வசந்தாமணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியசாமி ஒரு கரண்டி வைத்தார். இன்னொன்று வைத்தார். போதும் என்று முத்தாயம்மாள் கையால் மறிக்கவில்லை. அவரும் நிறுத்தவில்லை.